புதுப்பிப்பு: மோட்டார்ஹோம் ஒழுகுவது எங்கே என்று பிடிபட்டது

ஜனவரி மழையில், டர்பனில் எங்கள் மோட்டார்ஹோமின் மெத்தைக்கு அடியில் ஈரம் கசிவதாகவும், ஜன்னல்தான் காரணம் என்றும் எழுதியிருந்தேன். ஜன்னல் இல்லை, கூரையில் காற்றுப்போக வைத்திருக்கும் வென்ட்.

தண்ணீர் ஓரிடத்தில் புகுந்து, மரச்சட்டத்தோடு ஓடி, வேறிடத்தில் சொட்டுகிறது. சாட்ஸ்வொர்த்திலிருந்து மாமா வந்தார். அவர் ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் பிடிக்க, நான் உள்ளே டார்ச்சோடு படுத்திருந்தேன். வென்ட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்குரூ தலையில் துளி திரண்டு நின்றது.

வென்ட்டைச் சுற்றி நீர் புகாமல் பூசியிருந்த சிலிக்கான் பசையைச் சுரண்டினால், அடியில் பிளைவுட் ஊறின ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. தயவுசெய்து பழைய சிலிக்கான் மேலேயே புதிதைப் பூசாதீர்கள், ஒட்டவே ஒட்டாது. முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, பியூட்டைல் டேப் (நீர் புகாத, ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து வென்ட்டை இறுக்குங்கள். அதற்கு முன் மரம் காய வேண்டும். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. மேலே தார்ப்பாய் கட்டி, மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி 28 சதவீதத்திலிருந்து 14க்கு இறங்கிய பிறகே மூடினோம். இந்தக் கடற்காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் வாடகைக்கு எடுத்தோம்.

என் பேச்சை நம்பி யாராவது ஜன்னலைக் கழற்றியிருந்தால் மன்னியுங்கள்.

நேற்று இரவு முழுக்க மழை. காலையில் மெத்தைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.