செங்கம் பக்கத்து நடுகற்கள்: உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம், தண்டராம்பட்டு சுற்றுவட்டார ஊர்களில் இருக்கும் நடுகற்களை (சண்டையில் இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்கள்) இடத்தோடும் படத்தோடும் பட்டியல் போட்டு வருகிறேன். எடுத்தனூர் கல்லைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல். எருமைகளுக்காக நடந்த சண்டையில் விழுந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. வீரனுக்குப் பின்னால் அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரைச் சொல்லி, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதை வட்டெழுத்தில் (பழைய தமிழ் எழுத்து வடிவம்) வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1400 வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால் அது அந்தக் கல்லால்தான்!

எங்கள் ஏரிக்கரையிலும் ஒரு கல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். வில்லும் கையுமாக ஒரு வீரன், தலைக்கு மேலே மூன்று வரி எழுத்து. சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு அடித்து, எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, முதல் வரியில் பாதிதான் தெரிகிறது. சுரண்டவோ ஆசிட் ஊற்றவோ வேண்டாம் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். கல்லுக்குச் சேதமில்லாமல் சுண்ணாம்பை எடுப்பது எப்படி? மைப்படி (கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் படி) எடுக்கத் தெரிந்தவர்கள், வட்டெழுத்து வாசிப்பவர்கள் யாராவது வர முடியுமா? பூசாரி சம்மதித்துவிட்டார்.

அப்புறம், உங்கள் ஊர் வரப்போரத்தில் இப்படிக் கல் ஏதாவது இருந்தால், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள். அப்போதுதான் எழுத்து எடுப்பாகத் தெரியும்.