தசமம் பின்னத்துல பொண்ணு தடுமாறுறா, வழி சொல்லுங்க ப்ளீஸ்

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், பொண்ணு ஏழாவது படிக்கிறா, கூட்டல் பெருக்கல் எல்லாம் மடமடன்னு போடுவா ஆனா பின்னம், தசமம்னு வந்துட்டா அப்படியே நின்னுடறா. நேத்து கடையில கால் கிலோ துவரம்பருப்பு நிறுக்கும்போது மெஷின்ல 0.250னு காட்டுச்சு, அரை கிலோன்னா 0.5 தானேம்மா, 5ஐ விட 250 பெருசாச்சேன்னு கேக்குறா. 0.5ஐ 0.500னு எழுதிக் காட்டினதும் அது புரிஞ்சிடுச்சு.

ஆனா 1/2 + 1/3 குடுத்தா மேலயும் கீழயும் கூட்டி 2/5னு போடுறா. 2/5னா 0.4, அது அரையை விடவே கம்மி, அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படிடா குறையும்னு கேட்டா முழிக்கிறா. தோசையை ஆறு துண்டா வெட்டி பாதிக்கு 3, மூணுல ஒரு பங்குக்கு 2, மொத்தம் 5/6னு காட்டினேன், தட்டுல புரியுது, நோட்டுல திரும்ப அதே தப்பு.

எங்கம்மா வந்து கால்ல பாதி அரைக்கால், அதுல பாதி மாகாணின்னு சொல்ல, இவளே 0.25, 0.125, 0.0625னு பாதி பாதியா எழுதிட்டா, அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு எனக்கு.

இப்ப மாட்டிக்கிட்டது 0.3 × 0.2. பெருக்கினா எப்படிம்மா 0.06னு குறையும்ங்கிறா. 1/2 ÷ 1/4க்கும் வெறுமனே தலைகீழா மாத்திப் பெருக்குன்னு சொல்லித்தர மனசு வரல. டீச்சர்ஸ் யாராவது இருந்தா வீட்டுல இருக்கிற பொருளை வச்சே இது ரெண்டையும் எப்படி காட்டுறதுன்னு சொல்லுங்க, தமிழ்ல ஒர்க்‌ஷீட் இருந்தாலும் அனுப்புங்க.