நொய்யல் தண்ணீர்: எங்கள் குடும்பக் குழுவில்

தம்பி: அனைவருக்கும் காலை வணக்கம். தரைப்பாலத்தருகே நொய்யல் இன்று கூழாங்கல் தெரியுமளவு தெளிந்து ஓடுகிறது. தோட்டத்துக்கு மோட்டார் போடலாமா, பெரியப்பா?

பெரியப்பா: நிறத்தை நம்பி முடிவெடுக்காதே, கண்ணு. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்காகப் பட்டறைகளில் கொட்டும் உப்பு துணியில் தங்காமல், அலசும் தண்ணீரோடு முழுவதும் வெளியே வந்துவிடும். சாயத்தைப் பிரித்தெடுத்த பிறகும் அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தே கிடக்கும். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனதையும், கழிவே வெளியேறாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் அதற்குள் மறந்துவிட்டோமா?

அத்தை: அந்த நாட்களில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. எருமைகூட வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

தம்பி: நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் லிட்டருக்கு 1,640 மில்லிகிராம் காட்டுகிறது, அத்தை.

அக்கா: அந்தக் கருவி தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதைக்கொண்டு உப்பைக் கணித்துச் சொல்கிறது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில்தான் 2,000 வரை. ஆனால் சாக்கடை கலந்திருந்தால் அந்த மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. சாக்கடைக் கழிவு அழுகும்போது நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்துபோகும் என்பதால், அந்த ஆக்சிஜனைத்தான் பார்க்க வேண்டும். குளிக்கத் தகுந்த ஆற்றில் அது லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

தம்பி: அப்படியானால் ஒரு பாட்டிலில் பிடித்து உங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டு வரட்டுமா, அக்கா?

அக்கா: வழியிலேயே அளவு மாறிவிடும். கண்ணாடிக் குப்பியை நீருக்குள் அமிழ்த்தி, ஒரு காற்றுக்குமிழிகூடத் தங்காமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே சேர்க்க வேண்டும். பழுப்பாகத் திரிந்து படிந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் அந்த நீரில் மீன் பிழைக்காது. ஞாயிறன்று விடியும் முன்பே நான் வந்துவிடுகிறேன். இரவெல்லாம் பாசிகளும் ஆக்சிஜனை உண்பதால், அந்நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். மதியம் அளந்தால் ஆறு நம்மை ஏமாற்றிவிடும்.

மாமா: டார்ச் விளக்கை நான் கொண்டு வருகிறேன். கரையெல்லாம் கண்ணாடிச் சில்லு கிடப்பதால் யாரும் வெறுங்காலோடு இறங்க வேண்டாம்.

பெரியப்பா: அதுவரை மோட்டாரின் பியூஸ் கட்டை என்னிடமே இருக்கட்டும், தம்பி.