அலைக்குப் பிறகு முதலில் எதைக் கட்டினீர்கள்?

முல்லைத்தீவுக் கரை, சிலாவத்தையிலிருந்து:

போன மார்கழி (டிசம்பர்) 26 நினைவிடத்தில் விளக்கேற்றிவிட்டு வரும்போது தங்கச்சியின் மகன் கேட்டான். "மாமா, சுனாமிக்குப் பிறகு முதன்முதலா என்னத்தைத் திருப்பிக் கட்டினீங்கள்?" 2004இல் அவன் பிறக்கவே இல்லை. "வேற என்ன, வீட்டைத்தான்" என்று சொல்லிவிட்டேன். இரவு படுத்த பிறகுதான் அது சரியில்லை என்று பட்டது. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியது 2006 தொடக்கத்தில். அதற்கு முன்னால் ஒரு வருடம் முழுக்க நாங்கள் மல்லுக்கட்டியது கிணற்றோடு.

அலை வந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா, நத்தாருக்கு மறுநாள். இறந்தவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, என்னால் முடியாது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் வளவில் வளவு என்று அடையாளம் காட்ட நின்றது கிணற்றுக் கட்டு மட்டும்தான். எட்டிப் பார்த்தால் சேறு, தென்னோலை, ஒரு பிளாஸ்டிக் கதிரை, யாருடையதோ தெரியாத ஒரு பாய்.

நிவாரண வேலைக்கு வந்த பொடியன்கள் தண்ணீர்ப் பம்ப் கொண்டுவந்து வற்ற இறைத்துத் தந்தார்கள். எல்லோருக்கும் சந்தோசம். மறுநாள் விடிய ஊறியிருந்த தண்ணீரை வாயில் விட்டால் முதல் நாளைவிட உப்பு. திரும்ப இறைத்தோம், இன்னும் கூடியது. நாலாம் நாள் பெரியப்பா வந்து பம்பை நிற்பாட்டச் சொன்னார். "பாலுக்கு மேல ஆடை மாதிரி உவருக்கு மேல நல்ல தண்ணி மிதக்குது. ஆடையை வழிச்சு எறிஞ்சுபோட்டு ஆடை எங்க எண்டு தேடுறியள்" என்றார். பிறகு நீர் விஷயம் படித்தவர்கள் வந்தபோது அவர்கள் சொன்னதும் அதேதான். குப்பையையும் சேற்றையும் ஒருமுறை எடுங்கள், அடித்து இறைக்காதீர்கள், அதிகம் இழுத்தால் கீழே இருக்கும் உவர்நீர் எழும்பி வரும், மழை கழுவட்டும்.

மழை என்றால் ஐப்பசி வரவேண்டும். அதுவரை தண்ணீர்ப் பவுசரும் கறுப்புத் தாங்கியும்தான். அம்மா ஒவ்வொரு வெள்ளியும் ஒரு வாளி அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஊற்றிவிடுவா. 2005 மாரி முடியக் குளிக்க ஆனது. தேத்தண்ணீர் வைக்க இன்னொரு மாரி போனது.

வீட்டின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2006 ஆவணியில் தெற்கிலிருந்து சாமான் வருகிற ஏ9 பாதை பூட்டினது, சீமெந்து வரவில்லை, சுவர் யன்னல் மட்டத்தோடு நின்றது. அப்புறம் போரில் ஓடினோம். முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம் எல்லாம் போய் 2011இல் திரும்பி வந்தால் அந்த அரைச் சுவரும் இல்லை. வளவு முழுக்க நாயுண்ணிப் பற்றை. கண்ணிவெடி அகற்றுபவர்கள் பார்த்து முடித்த பிறகுதான் கிட்டப் போக விட்டார்கள். பற்றையை வெட்டிக்கொண்டு போகப் போகக் கிணற்றுக் கட்டு தெரிந்தது. மூன்றாவது முறையாகத் துப்புரவாக்கினோம், இந்த முறை பம்ப் இல்லாமல், வாளியால்.

ஆகவே என் பதில் கிணறு. உங்களுடையது என்ன? வீடு என்று சட்டென்று எழுதிவிடாமல் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.

---

கள்ளப்பாட்டிலிருந்து, கடற்றொழில்:

அண்ணை, எனக்கு வலை.

படகு என்று எழுதத்தான் கை போனது. ஆனால் படகை நான் கட்டவில்லை, தந்தார்கள். எனக்குப் பைபர் படகு வந்தது பங்குனியில். எஞ்சின் வந்தது ஆவணியில். எங்கள் கரையில் தொழில் செய்கிறவர்களுக்கு இதில் என்ன இழவு என்று விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கடல் அமைதியாகக் கிடப்பது பங்குனி சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும். வாடைக்காற்று எழும்பிவிட்டால் கரை அடித்துக்கொண்டு நிற்கும். ஆக, ஒரு பருவம் முழுக்கப் புதுப் படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது. பிள்ளைகள் அதற்குக் கீழே வீடு கட்டி விளையாடினார்கள்.

தந்தவர்களைக் குறை சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் தந்தார்கள். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தந்த வலையும் அப்படித்தான். வலை என்றால் கடையில் வாங்கியதும் கடலில் போடுவது என்று நினைத்தார்களோ தெரியாது, வெறும் வலைத்துணி கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. கயிறு இல்லை, மிதப்பு இல்லை, ஈயம் இல்லை. வலைக்கண்ணும் எல்லோருக்கும் ஒரே அளவு. சூடை மீனுக்குரிய சின்னக் கண்ணை வைத்துக்கொண்டு பாரை மீனுக்குப் போக முடியுமா? நாங்கள் நாலு பேர் பனைக்குக் கீழே இருந்து எங்களுக்குள் மாற்றிக்கொண்டோம், உன் கண் எனக்கு, என் கண் உனக்கு என்று. கயிறும் ஈயமும் வாங்கக் காசு இல்லை. மீன் முதலாளி, அதுதான் சம்மாட்டி, அவரிடம் முற்பணம் எடுத்தேன். முற்பணம் எடுத்தால் மீன் அவருக்குத்தான், விலையும் அவர் சொல்லும் விலைதான். அந்தக் கடன் கழிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஆனாலும் சம்மாட்டி மட்டும்தான் என்னிடம் படிவம் நிரப்பச் சொல்லவில்லை, அதையும் எழுத வேண்டும்.

இன்னொன்று. முதல் மாதங்களில் மீன் வாங்க ஆள் இல்லை. கடல் எங்கள் சனத்தைக் கொண்டுபோனது, அந்தக் கடல் மீனை எப்படித் தின்பது என்று விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரியே சட்டியில் மீன் வைக்கவில்லை. முதல் முறை வலை விரித்து இழுத்த அன்று கொஞ்சம் சூடையைப் பையில் கொண்டுவந்து திண்ணையில் வைத்தேன். அவள் பார்த்தாள், எழும்பிப் போனாள், கொஞ்ச நேரத்தில் அரிவாளோடு வந்து குந்தினாள். அன்றைக்குத்தான் தொழில் திரும்பியது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

போருக்குப் பிறகு எல்லாம் இரண்டாம் தரம். கடலுக்குப் போகப் பாஸ், நேரக் கட்டுப்பாடு. 2018 ஆவணியில் நாயாற்றில் எங்கள் ஆட்களின் வாடிக் கொட்டில்களும் படகுகளும் வலைகளும் எரிக்கப்பட்டதைக் கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பனையடியும் வலை மாற்றிய நாளும்தான். படகு எரிந்தால் யாராவது ஒரு படகு தருவார்கள். கயிறு கோத்து மிதப்புக் கட்டி உன் கைக்குப் பழகின வலையை யார் தருவது?

---

முன்பு கோவில்குடியிருப்பு, இப்போது உள்ளே தள்ளிக் குடியிருப்பவர்:

தம்பிமார் கிணறும் வலையும் சொல்லிவிட்டீர்கள். நான் குசினி, அடுப்படி.

அவர் அலையோடு போய்விட்டார். இரண்டு பிள்ளைகள். முதலில் பள்ளிக்கூடத்தில், பிறகு தறப்பாளுக்குக் கீழே, பிறகு தகரக் கொட்டில். தகரத்துக்குள் பகலில் இருந்தவர்களுக்குத்தான் அந்த வெக்கை தெரியும். சின்னவளுக்கு உடம்பு முழுக்க வேர்க்குரு. கிடுகு வாங்கித் தகரத்துக்கு மேலே போட்டோம்.

போருக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் என் பெயரும் வந்தது. காசு கட்டம் கட்டமாக வங்கிக்கு வரும். அத்திவாரம் போட்டால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி. சொந்தக்காரரே நின்று கட்டவேண்டும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கினால் என்ன நடக்கும்? மேசன் கூலி ஏறியது, மணல் விலை ஏறியது, கல்லுக்கு லொறிக்காரனைக் கெஞ்ச வேண்டியிருந்தது. நல்ல மேசனுக்கு நாலு வீட்டில் வேலை, காலையில் என் வீட்டில் கரண்டியை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஆம்பிளை இல்லாத வீடு என்றால் இன்னும் மோசம். சீமெந்துப் பையை எண்ணுவதற்காகவே நான் விடிய ஐந்து மணிக்கு எழும்பினேன். கூரை போட்டதும் காசு முடிந்தது. தாலிக்கொடியை அடகு வைத்துக் கதவு போட்டேன். பின் கதவுக்கு ஒரு வருடம் சீலைதான்.

வரைபடத்தில் குசினி வீட்டுக்குள்ளே இருந்தது. விறகடுப்பு எரிக்கிற எனக்கு அது எப்படிச் சரிவரும்? புகை முழுக்க அறைக்குள். அதைவிட, நான் கருவாடு போடுகிறவள். திருக்கையும் சுறாவும் வெட்டி உப்புப் போட இடம் வேண்டும், கழுவின தண்ணீர் ஓட வழி வேண்டும். திறப்புத் தந்த அன்று பின்னேரமே மண்வெட்டியை எடுத்துப் பின்பக்கம் நாலு கப்பு நட்டுக் கிடுகு வேய்ந்து குசினி போட்டுவிட்டேன். பக்கத்தில் கருவாட்டுக்குப் பரண். மேற்பார்வைக்கு வந்தவர் பார்த்துவிட்டு "இவ்வளவு நல்ல வீடு இருக்க இதென்ன கொட்டில்?" என்று கேட்டார். அந்த நல்ல வீட்டுக் குசினிக்குள்தான் இன்றைக்கு வரை என் உப்பு மூட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன.

கடல் இப்போது சைக்கிளில் போகிற தூரம். முன்பு படகு கரைக்கு வரும் சத்தம் கேட்டதும் கடகத்தோடு ஓடுவோம். இப்போது நான் போய்ச் சேரும் முன்பே நல்ல மீனை ஐஸ் பெட்டிக்காரர் ஏற்றிவிடுகிறார். எனக்கு மிஞ்சுவது கழிவு. பயத்தில் நாங்கள்தான் உள்ளே போகக் கேட்டோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரவில் பயந்த அளவுக்குப் பகலில் யோசிக்கவில்லை.

---

வவுனியாவிலிருந்து:

எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் கட்டியது ஒன்றும் இல்லை. புதுப் புத்தகப்பை தந்தார்கள், எல்லோருக்கும் ஒரே நீலம். யாருடையது எது என்று தெரியாது. அம்மா என் பை வாரில் பழைய சட்டைத் துணியில் ஒரு பூ தைத்துவிட்டா. அடுத்த கிழமை பார்த்தால் வகுப்பில் எல்லோருடைய பையிலும் ஏதோ ஒன்று தைத்திருந்தது.

---

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்:

இதையெல்லாம் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெட்கமாக இருந்தது. அந்த வரைபடங்களை மடித்துக்கொண்டு திரிந்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். அலைக்குப் பிறகு கரையிலிருந்து கட்டக்கூடாத தூரம் என்று ஒரு விதி வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். ஏன் எங்களுக்கு மட்டும் இரட்டிப்பு என்று சனம் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நாடாவைப் பிடித்து அளந்து கட்டை அடித்துக்கொண்டே போனோம். கட்டைக்குக் கடற்பக்கம் இருந்தவருக்கு மாற்றுக் காணி, உட்பக்கம் இருந்தவருக்கு அதே இடத்தில் கட்டக் காசு. முழுச் சேதத்துக்கு 250,000 ரூபாய், பகுதிச் சேதத்துக்கு 100,000. அந்தக் கட்டை ஒரு வளவின் நடுவில் விழுந்தால்? அப்படியும் விழுந்தது. பிறகு விதியைத் தளர்த்தினார்கள், அதற்குள் ஆட்கள் சிதறிவிட்டார்கள்.

வன்னி அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில். உதவிக் காசு எந்த வழியாக வருவது என்பதே ஒரு அரசியல். 2005 ஆனி (ஜூன்) 24ஆம் தேதி அரசும் புலிகளும் சேர்ந்த பொதுக்கட்டமைப்புக்குக் கைச்சாத்து ஆனது. ஆடி (ஜூலை) 15ஆம் தேதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இடையில் மூன்று கிழமை. அந்த மூன்று கிழமைக்குள் நான் புதுக் கோப்பு திறந்து, முதல் பக்கம் எழுதி, அலுமாரிக்குள் வைத்தேன். வேறொன்றும் நடக்கவில்லை.

நான் முதலில் திருப்பிக் கட்டியது என்று கேட்டால், கட்டினது அல்ல, இடிக்க விடாமல் தடுத்தது ஒன்று இருக்கிறது. ஒரு ஊரில் வேலைக்கு வசதி என்று மண்மேட்டைத் தள்ளி மட்டமாக்கப் புல்டோசர் வந்தது. அலை வந்த அன்று அந்த மேட்டுக்குப் பின்னால் இருந்த நாலு வீட்டின் சுவர் தப்பி நின்றதை நான் கண்ணால் கண்டிருந்தேன். மேட்டில் தாழையும் அடம்பன் கொடியும் மண்டிக் கிடந்தன. சாரதியோடு வாக்குவாதப்பட்டுத் திருப்பி அனுப்பினேன். அதற்காக எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பரவாயில்லை. பின்னால் சவுக்குக் கன்று நட்டார்கள். சவுக்கு வளர்ந்தது, ஆனால் அதற்குக் கீழே வேறொன்றும் முளைக்கவில்லை. எனக்கென்றால் தாழைதான்.

அக்கா, உங்கள் குசினியைப் பற்றி. குடும்பத்தோடு இருந்து பேசித்தான் படம் கீறவேண்டும் என்று எங்களுக்கும் வகுப்பு எடுத்தார்கள். பேசினோம். வீட்டுத் தலைவரோடு பேசினோம். அவர்களில் அடுப்படிக்குப் போனவர் எத்தனை பேர்?

---

சிலாவத்தையிலிருந்து, மறுபடியும்:

ஐயா, அக்கா, தம்பி, எல்லோருடையதையும் மருமகனை இருத்தி வாசித்துக் காட்டினேன். வலை மாற்றின இடத்தில் சிரித்தான். பை வாரில் பூ தைத்ததை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னான்.

அவன் கேட்ட இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். "கிணறு இப்ப நல்லமா?" உண்மையைச் சொன்னால், வருடத்தில் எட்டு மாதம் நல்லம். ஆடி ஆவணியில் வெயில் ஏற ஏறத் தண்ணீர் இறங்கும், உவர் எட்டிப் பார்க்கும். பக்கத்து வளவுகளில் எல்லாம் மோட்டர் போட்டுவிட்டார்கள், தோட்டத்துக்கு இழுக்கிறார்கள். போய்ச் சண்டை பிடிக்க முடியுமா? அவர்களுக்கும் பிள்ளை குட்டி. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு எங்கள் தீர்த்தக்கரையில் கடல் தண்ணீர் எடுத்துத்தான் விளக்கெரிக்கிறோம். அம்மாளுக்கு விளக்கெரியும், எனக்குத் தேத்தண்ணீர் திரைகிறது.

அம்மா இப்போது இல்லை. வெள்ளிக்கிழமைகளில் வாளி அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பது என் வேலை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஐயா இந்தப் பக்கம் வந்தால் மாரி முடிய, தை மாதமாகப் பார்த்து வாங்கோ. ஆவணியில் வந்துவிடாதீர்கள், பால் விட்டால் திரைந்துவிடும், பிளேன்ரீதான் தரவேண்டி வரும்.