கொமடோர் 64 போர்டில் கழல மறுக்கும் சிப்: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். 1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணினி ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறேன். மின்சாரம் கொடுத்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது. எட்டு 4164 நினைவகச் சிப்புகளில் ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாதபடி சுடுகிறது. குற்றவாளி அதுதான் என்று நினைக்கிறேன்.

போர்டில் ஈயத்தால் பற்றவைத்திருக்கும் அதைக் கழற்றப் பார்க்கிறேன். அதன் பதினாறு கால்களில் பதினான்கு வழிக்கு வந்துவிட்டன. 8ஆம் காலும் 16ஆம் காலும்தான் அசைய மறுக்கின்றன. ஒன்று 5 வோல்ட், மற்றொன்று கிரவுண்ட். இரண்டும் அகலமான செப்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால், கொடுக்கிற சூட்டையெல்லாம் குடித்துவிடுகின்றன. 350 டிகிரியில் புது ஈயம் சேர்த்து, ஈயம் நன்றாக ஓட உதவும் ஃபிளக்ஸ் தடவி, கைப்பம்பால் உறிஞ்சிப் பார்த்தேன். வெளியே இருக்கும் ஈயம் வருகிறது, துளைக்குள் இருப்பது வரவில்லை. நெம்பினால் செப்புத் தடம் உரிந்துவிடும். போன மாதம் வேறொரு போர்டில் அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேன்.

கால்களை வெட்டிச் சிப்பை எடுத்துவிட்டு, மிஞ்சியதை ஒவ்வொன்றாகச் சூடாக்கி இழுக்கலாமா? என் சந்தேகம் தவறாக இருந்தால் நல்ல சிப்பைக் கொன்றவனாவேன். அல்லது வெப்பக்காற்றால் போர்டை அடியிலிருந்து முதலில் சூடேற்றுவதா? எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். புதுச் சிப்பைச் செருகுவதற்கான சாக்கெட்டை வாங்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.