வீல் அலைன்மென்ட் பார்க்காமல் மதுரை வரை ஓட்டலாமா?

அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். உசிலம்பட்டியில் வைத்து நம்ம டாடா 407 மினி லாரிக்கு முன்பக்க ஸ்பிரிங் பட்டை, புஷ், கிங் பின், டை ராடு எண்டு (முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற கம்பியின் முனை மூட்டு) எல்லாம் மாற்றியாச்சு. எண்டைக் கழற்றும்போது மரை எண்ணி வைத்து, சக்கரம் நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்தும் பார்த்தார் மெக்கானிக். இருந்தும் நேர் ரோட்டில் ஸ்டியரிங் கோணலாகத்தான் நிற்கிறது.

அலைன்மென்டுக்கு (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்ய) மதுரை வர வேண்டும், 40 கிலோமீட்டர் இருக்கும். லோடு இல்லாமல் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தால் பரவாயில்லையா? டோ (முன் சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கிற அளவு) தப்பினால் டயர் ஓரம் அரிக்கும். முன் டயர் இரண்டும் போன மாதம்தான் புதிது (தவணை இன்னும் முடியவில்லை). மச்சானோ, புதுப் பட்டை கொஞ்சம் அமரட்டும், நாலு நடை வாழைத்தார் ஏற்றிவிட்டுப் பார்க்கலாம் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. 407 ஓட்டுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள், நாளைக் காலையில் கிளம்பணும்.