மரியோ விளையாட்டில் நீங்கள் கண்ட ரகசியம் எது?

சத்தியமங்கலத்திலிருந்து:

மே மாத விடுமுறைக்கு அம்மிச்சி வீட்டுக்குப் போனால்தான் எனக்கு டிவி கேம் கிடைக்கும். ஒரு நாள் மாமா மகன் 1-2 கட்டத்தில், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில், செங்கல் கூரைக்கு மேலே ஏறிவிட்டான். புள்ளிக் கணக்கு எழுதியிருக்கும் உயரத்தில் மரியோ ஓடுகிறான்! வெளியேறும் குழாயையும் தாண்டி ஓடினால் 4, 3, 2 என்று எண் போட்ட மூன்று குழாய்கள். எந்தக் குழாயில் இறங்கினாலும் அந்த எண்ணுள்ள உலகத்துக்கு நேராகப் போய்விடலாம். கோபியில் ஓர் அண்ணன் அவனுக்குச் சொல்லித் தந்தாராம். பள்ளி திறந்த அன்றே நான் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு யார் சொன்னார்கள்?

திருப்பூரிலிருந்து:

எனக்குச் சொன்னவர் அப்பா. அவர் அந்த விளையாட்டை ஒரு முறைகூட ஆடியதில்லை.

பனியனில் பிரிண்ட் போடும் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. படத்தை அச்சடிக்க மை தள்ளும் வலைச் சட்டத்தை அங்கே ஸ்கிரீன் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு நான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "கண்ணு, அந்த மேகமும் கீழே இருக்கிற செடியும் ஒரே ஸ்கிரீன். மைதான் வேறு" என்றார். எழுந்து போய் டிவியின் அருகில் நின்று பார்த்தேன். அதே மூன்று மேடு, அதே வளைவு. வெள்ளை போட்டால் மேகம், பச்சை போட்டால் புதர். அத்தனை நாள் ஆடியும் என் கண்ணில் அது படவேயில்லை.

காரணம் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. 1985இல் ஜப்பானில் வந்த அந்தக் கேசட்டின் மொத்தக் கொள்ளளவே 40 கிலோபைட். நிரலுக்கு 32, படங்களுக்கு 8. மரியோ, ஆமை, காளான், கோட்டை, எழுத்துகள் எல்லாம் அந்த 8க்குள் அடங்க வேண்டும். அப்பாவின் பட்டறையில் ஒரு நிறம் கூடினால் ஒரு ஸ்கிரீன் கூடும், செலவும் கூடும். ஒரே ஸ்கிரீனில் இரண்டு சரக்கு எடுத்தவனின் அருமை அவருக்கு உடனே தெரிந்திருக்கிறது.

சோமனூரிலிருந்து:

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் கண்டதும் 1-2இல்தான்.

வீட்டை ஒட்டியே தறிக்குடோன். தறிச் சத்தத்தில் விளையாட்டின் இசை எங்களுக்குக் கேட்டதேயில்லை. கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் 1-2ஐ நூற்றுக்கணக்கான முறை கடந்திருப்பேன். பெரிய மரியோவாக வெளியேறும் குழாயின் மேல் நின்று, தலைக்கு மேலுள்ள கற்களில் சுவரை ஒட்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, அதற்கு அடுத்தவற்றை உடைக்க வேண்டும். பிறகு குழாயின் இடது ஓரத்தில் குனிந்தபடி பின்பக்கமாகத் தாவ வேண்டும். கணம் சரியாக அமைந்தால் சுவர் அவனை உள்ளே வாங்கிக்கொள்ளும். சுவருக்கு அப்பால்தான் அந்த எண் போட்ட மூன்று குழாய்கள். அங்கே வரவேற்பு எழுத்து திரையில் வருவதற்குள் முதல் குழாயில் இறங்கினேன். திரையில் உலகம் -1. தண்ணீருக்கடியில் ஒரு கட்டம். நீந்தி நீந்திக் கடைசிக் குழாயில் நுழைந்தால் மறுபடி அதே கட்டத்தின் தொடக்கம். தறி நிறுத்திவிட்டு வந்த பெரியப்பா, "எந்த ஊருக்குப் போகிறது இது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது தெரியும். அது உண்மையில் 36ஆம் உலகம். 4-2இல் 5ஆம் உலகத்துக்குப் போகும் குழாய் நடுவில் ஒன்றுதான் இருக்கும், அதன் இரு பக்கமும் வெறுமை. எழுத்து வருவதற்குள் நாம் நுழைவதால், எந்தக் குழாய் எந்த உலகத்துக்கு என்பதற்கு விளையாட்டு 1-2இன் பட்டியலுக்குப் பதில் அந்த 4-2இன் பட்டியலை எடுத்துக்கொள்கிறது. வெறுமையைக் குறிக்கும் படத்தின் எண் 36. அந்த எண்ணையே உலகமாக நினைத்து நம்மை அனுப்புகிறது. 36 இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை தெரிவதால், மிஞ்சுவது -1.

பொள்ளாச்சியிலிருந்து:

என் அக்கா கண்டுபிடித்தது: கட்டத்தின் முடிவில் உள்ள கொடிக்கம்பத்தைத் தொடும்போது நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 ஆக இருந்தால் அத்தனை வெடி வெடிக்கும். நோட்டில் எழுதி வைத்துக் கண்டாள்.

திருப்பூரிலிருந்து:

சோமனூர் நண்பரே, அந்த 36ஐ நேற்று இரவு அப்பாவிடம் சொன்னேன். "ஒன்றும் இல்லாததற்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறானா?" என்று இரண்டு முறை கேட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவருக்குள் போய்க் காட்டச் சொல்லியிருக்கிறார். இப்போதிருந்தே பழகிக்கொண்டிருக்கிறேன்.